தண்ணி விழுதா?

கேள்வி: சிங்கப்பூரில் இருக்கும் என் சித்தப்பா ஜூன் பிறந்தால் போதும், போன் போட்டு, "குத்தாலத்துல தண்ணி விழுதா?" என்கிறார். எங்கள் நலத்தைக் கேட்பதேயில்லை. இது நியாயமா?
(வாசகி, தென்காசி)

பதில்: அருவியில் தண்ணீர் விழுந்தால் நீங்கள் நலம் என்று அவருக்குத் தெரியாதா அம்மா!

உங்கள் பக்கத்து ஆட்கள் கடல் தாண்டினாலும் ஊரைப் பாயாகச் சுருட்டிக் கையோடு கொண்டுபோகிறவர்கள். சிங்கப்பூரில் கடையநல்லூர் தெரு என்றே ஒன்று இருக்கிறது. கடையநல்லூர், தென்காசி முஸ்லிம்கள் தஞ்சோங் பகார் வட்டாரத்தில் குடும்பம் குடும்பமாகக் குடியேறினார்கள். பெண்கள் வீட்டில் மசாலா அரைத்து விற்றார்கள். 1946இல் கடையநல்லூர் முஸ்லிம் லீக் அங்கே உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கியது. 1982 வரை நடந்தது. நாமாக இருந்தால் வாட்ஸ்அப் குழு ஒன்று தொடங்கி, இரண்டாம் நாளே சண்டை போட்டுப் பிரிந்திருப்போம்.

ஊருக்குச் செய்யச் சொல்லிக் கேட்பதில் பராக்கிரம பாண்டியனை மிஞ்ச ஆளில்லை. தான் கட்டிய தென்காசிக் கோயிலைப் பின்னாளில் பழுதுபார்த்துக் காப்பவர்களின் காலில் இப்போதே விழுகிறேன் என்று கல்லில் வெட்டிவைத்தவன். ரசீதுப் புத்தகம் இல்லாத நன்கொடை வசூல்! அந்த வேண்டுதல் வீண்போகவில்லை; பாழடைந்து கிடந்த அக்கோயில் ராஜகோபுரம் ஒன்பது நிலையாக நிமிர்ந்து 1990இல் கும்பாபிஷேகம் கண்டது.

அடுத்த முறை சித்தப்பாவுக்குப் போட்டோ அனுப்பாதீர்கள். ஐந்தருவி இரைச்சலையும், பிரானூர் பார்டரில் கல்லில் பரோட்டா கொத்தும் சத்தத்தையும் பதிவுசெய்து அனுப்புங்கள். டிக்கெட் போட்டுவிட்டுத்தான் மறுபடி போன் போடுவார்.