டாஷ்போர்டுக்கு உயிர் வந்தது

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லோடு அடிக்கிற பழைய டாடா 407-களில் டாஷ்போர்டு என்பது சாமி படம் வைக்கிற இடம். ஸ்பீடாமீட்டர் முள் பூஜ்யத்தில் படுத்திருக்கும். டீசல் முள் பாதியில் நிற்கும்; டேங்க் நிரம்பினாலும் பாதி, வற்றினாலும் பாதி. டெம்பரேச்சர் மீட்டர் இருந்த ஓட்டையில் யாரோ ஊதுவத்தி செருகியிருப்பார்கள். வண்டி மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். 1986-ல் டாடா கம்பெனி இந்த வண்டியை இறக்கியபோது முதலில் வாங்கியவர்கள் பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள். 407 இன்னும் லோடுதான் எடுக்கிறது.

என் மைத்துனனின் வண்டியும் இந்த ரகம். அவனுடைய பிரஸ் ஷாப்பில் அடித்த தகடுகளை ஏற்றிக்கொண்டு ஆவடி, பூந்தமல்லி, ஸ்ரீபெரும்புதூர் என்று சுற்றுவது. எட்டு வயது தாண்டிய வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்.சி. எடுக்க வேண்டும் என்பதால் வருஷத்துக்கு ஒரு முறை ஸ்பீடாமீட்டருக்குப் புதுக் கேபிள் வரும். அதன் ஆயுள் அடுத்த எஃப்.சி. வரை நீண்டதாகச் சரித்திரம் இல்லை.

இப்படிப்பட்ட வண்டிக்கு டிஜிட்டல் மீட்டர் எதற்கு என்று கேட்கலாம். வானகரம் பெட்ரோல் பங்கில் வேறொருவர் வண்டியில் நீல வெளிச்சத்தில் எண்கள் ஓடுவதை மைத்துனன் பார்த்துவிட்டான், அவ்வளவுதான். "மாமா, நீங்க பி.எஸ்சி. பிசிக்ஸ்தானே? கூட வந்து நில்லுங்க" என்றான். அந்தப் பட்டத்தை வைத்து யாராவது என்னை எதற்காவது கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. உடனே கிளம்பிவிட்டேன்.

ஜி.பி. ரோட்டில் செட்டு வாங்கினோம். வேகம், ஆர்.பி.எம்., டீசல், ஹீட், ஆயில் பிரஷர், வோல்ட் எல்லாம் ஒரே பலகையில். கூடவே ஒரு பஸ்ஸர்.

டிரைவர் அண்ணன் பெட்டியைப் பார்த்த பார்வையில் விருந்தாளியை வரவேற்கும் களை இல்லை. "ஹீட்டு தெரிய மிஷினு எதுக்கு சார்? நம்ம காலு சொல்லும்" என்றார். அது வெறும் பெருமை இல்லை. 407-ல் எஞ்சினின் ஒரு பாதி கேபினுக்குள்ளேதான் இருக்கிறது. அந்த மூடி டிரைவரின் இடது பக்கம். பல வருஷம் ஓட்டியவரின் இடது தொடை, எஞ்சின் எந்தச் சூட்டில் இருக்கிறது என்பதைத் துல்லியமாகச் சொல்லிவிடும். டீசலுக்கு டேங்கில் விடுகிற குச்சி. ஆயிலுக்கு மூக்கு. வேகத்துக்கு, கண்ணாடி அதிர்கிற சத்தம்.

ஆட்டோ எலக்ட்ரீஷியன் தம்பி பழைய மீட்டர் பலகையைக் கழற்றினான். பின்னால் காய்ந்து கறுத்த எலுமிச்சம்பழம், பாதி பீடி, ஒரு டோல் ரசீது. ஒயர்கள் எல்லாம் மஞ்சள். இதற்கு முன் கை வைத்த எலக்ட்ரீஷியன்கள் அத்தனை பேரும் கையில் கிடைத்த மஞ்சள் சுருளிலேயே வேலையை முடித்து, இன்சுலேஷன் டேப் சுற்றி, கும்பிடு போட்டுப் போயிருக்கிறார்கள். தம்பி கவலைப்படவில்லை. டெஸ்ட் லேம்பின் ஒரு முனையை பாடியில் கவ்வவிட்டு, மறு முனையால் ஒவ்வொரு ஒயராகக் குத்திக் குத்தி, எரிந்தால் "ம்", எரியாவிட்டால் "ம்ஹும்" என்று பரீட்சை நடத்தினான்.

கழற்றிப் போட்ட ஸ்பீடாமீட்டரை நான் எடுத்துப் பிரித்துப் பார்த்தேன். 1902-ல் ஓட்டோ ஷூல்ட்ஸே என்ற ஜெர்மானியர் காப்புரிமை வாங்கிய ஏற்பாடு இது. கேபிள் ஒரு காந்தத்தைச் சுழற்றும். அதைத் தொடாமல் மேலே ஒரு அலுமினியக் கிண்ணம். காந்தம் சுற்றினால் கிண்ணமும் கூடவே திரும்பப் பார்க்கும். மெல்லிய சுருள்வில் ஒன்று பிடித்து நிறுத்தும். முள் நகர்வது இந்த இழுபறியில்தான். பேட்டரி வேண்டாம், ஒயர் வேண்டாம். அந்தக் காலத்து லாரிகளின் ஆயில் மீட்டர் இதைவிடப் பழைய யோசனை. 1849-ல் பிரான்சில் யூஜின் பூர்தோன் கண்டுபிடித்தது. வளைந்த குழாய்க்குள் எண்ணெயின் அழுத்தம் ஏறினால் குழாய் நிமிரும், திருவிழாவில் பிள்ளைகள் ஊதுகிற சுருள் பீப்பீ மாதிரி. இதையெல்லாம் நான் விளக்கிக்கொண்டிருந்தபோது தம்பி என் கையிலிருந்த மீட்டரை வாங்கிப் பழைய இரும்பு மூட்டையில் போட்டான்.

புதுப் பலகை எரிந்தது. நின்ற இடத்தில் ஆர்.பி.எம். 4,800 காட்டியது. இருங்காட்டுக்கோட்டை ரேஸுக்கு அனுப்பலாம் என்று மைத்துனன் குதித்தான். விஷயம் வேறு. பெட்ரோல் வண்டியில் இக்னிஷன் காயிலின் துடிப்பை எண்ணினால் ஆர்.பி.எம். கிடைத்துவிடும். டீசல் எஞ்சினில் காயிலும் கிடையாது, பிளக்கும் கிடையாது. ஆல்டர்னேட்டரின் முதுகில் இருக்கும் 'டபிள்யூ' முனையிலிருந்துதான் துடிப்பை எடுக்க வேண்டும். அதன் புல்லி சின்னது, எஞ்சினைவிட வேகமாகச் சுற்றும். ஒரு சுற்றுக்குத் துடிப்பும் பல. எதால் வகுக்க வேண்டும் என்று மீட்டருக்கு நாம்தான் சொல்லித்தர வேண்டும். லூகாஸ் டிவிஎஸ் இருக்கிற பாடிக்குப் பக்கத்திலேயே குடியிருந்துகொண்டு ஆல்டர்னேட்டர் தெரிந்த ஆள் கிடைக்காமலா போவார்? கிடைத்தார். ஆர்.பி.எம். எழுநூற்றுச் சொச்சத்துக்கு இறங்கியது. மைத்துனன் முகமும் இறங்கியது.

டீசல் மீட்டர் அவனை மறுபடி சந்தோஷப்படுத்தியது. டேங்க் வற்ற வற்ற எண் ஏறிக்கொண்டே போனது. டேங்கிலுள்ள மிதவை காட்டும் ஓம்ஸும், மீட்டர் எதிர்பார்க்கும் ஓம்ஸும் தலைகீழ். "மாமா, வண்டியே டீசல் தயாரிக்குது" என்றான். செட்டிங்கை மாற்றச் சொன்னபோது கொஞ்சம் தயங்கினான்கூட.

இரவில்தான் பெரிய அதிசயம். ஹெட்லைட் போட்டால் எஞ்சினுக்குக் காய்ச்சல்! 82-ல் நின்ற சூடு 97-க்குத் தாவும், பஸ்ஸர் அலறும், விளக்கை அணைத்தால் இறங்கிவிடும். ரேடியேட்டரை மாற்று, தெர்மோஸ்டாட்டைக் கழற்று என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். ஆவடி ஹெவி வெஹிக்கிள் ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் டீக்கடையிலிருந்து எழுந்து வந்தார். 1965-லேயே விஜயந்தா டாங்க் செய்து வெளியே விட்ட ஆலை அது. அங்கிருந்து வந்தவர்கள் 407-ஐக் குழந்தையைப் பார்ப்பது போலத்தான் பார்ப்பார்கள். டம்ளரைக் கீழே வைக்காமலே, "எர்த்தைப் பாருப்பா" என்றார்.

அதேதான். ஹெட்லைட்டும் மீட்டரும் ஒரே நோஞ்சான் எர்த் ஒயரைப் பங்கு போட்டிருந்தன. விளக்கின் கரன்ட் அதில் பாயும்போது மீட்டரின் எர்த் லேசாக மேலே ஏறும். சென்சாரிலிருந்து வரும் வோல்ட் குறைந்த மாதிரி மீட்டருக்குத் தோன்றும். சூடு ஏறினால் அந்தச் சென்சாரின் ஓம்ஸ் குறையும் என்பதால், குறைந்த வோல்ட் என்றால் அதன் கணக்கில் கொதிக்கிற எஞ்சின். பேட்டரி நெகட்டிவிலிருந்து தனி ஒயர் இழுத்ததும் காய்ச்சல் விட்டது.

எல்லாம் சரியானது. தொல்லை அங்கேதான் ஆரம்பம்.

"பைபாஸ்ல எண்பதுக்குக் கொறைய மாட்டேன்" என்று டிரைவர் அண்ணன் ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார். ஜி.பி.எஸ். பார்த்துக் காட்டுகிற புது மீட்டர், கண்ணாடி முழு சுருதியில் அதிரும்போதும் 56 என்றது. கம்பெனி ஸ்பீடாமீட்டர்கள் நிஜ வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக் கூடாது என்பது விதி. அதனால் கொஞ்சம் கூட்டியே காட்டும்படி செய்துவிடுவார்கள். ஜி.பி.எஸ்.ஸுக்கு அந்த நாகரிகம் தெரியாது. "சேட்டிலைட்டு மேல இருந்து பாக்குது சார், அதுக்குச் சின்னதாத்தான் தெரியும்" என்று அவர் சொன்னதை நான் மறுக்கவில்லை.

டீசல் இன்னும் மோசம். பழைய மீட்டருக்குள் சூடேறி வளைகிற பட்டை ஒன்று உண்டு. அது நிதானமாகத்தான் அசையும், டேங்கில் அலையடிப்பதைக் கண்டுகொள்ளாது. புதியது ஒவ்வொரு சொட்டையும் செய்தியாக்கியது. பருத்திப்பட்டு பக்கம் ஒரு ஸ்பீடு பிரேக்கரில் 41 சதவீதம் 18 ஆகும், மறுபடி 37. மைத்துனன் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, "அண்ணே, காலையில ஃபுல் போட்டது எங்கண்ணே போச்சு?" என்று கேட்க ஆரம்பித்தான். இத்தனை வருஷத்தில் கேட்காத கேள்வி. அண்ணன் இரண்டு நாள் பேட்டாவை வாங்காமலே வீட்டுக்குப் போனார்.

அவர் திருப்பி அடித்த இடம்தான் அருமை. பார்ட்டிக்கு வாடகை பில் போடும்போது மைத்துனன் கிலோமீட்டரை மனக்கணக்கில் எழுதுவான். அவன் மனம் பெரிய மனம். ஸ்ரீபெரும்புதூர் டிரிப் முடிந்து வந்ததும் அண்ணன் அத்தனை பேர் முன்னாலும் மீட்டரைப் படித்துக் காட்டினார். பில்லில் இருந்ததற்கும் அதற்கும், நடுவில் ஒரு முறை திருவேற்காடு போய்ச் சாமி கும்பிட்டு வருகிற தூரம் வித்தியாசம். பார்ட்டியின் ஆள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான்.

செத்துக் கிடந்த ஒவ்வொரு மீட்டராலும் யாரோ ஒருவர் நிம்மதியாக இருந்திருக்கிறார்கள் என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. இதில் ஆதாயமே இல்லாமல் எல்லாம் வேலை செய்ய வேண்டும் என்று ஆசைப்பட்டது நான் ஒருவன், பி.எஸ்சி. பிசிக்ஸ்.

ஆயுத பூஜை வந்தது. வண்டியைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, அண்ணன் சந்தனம் குழைத்தார். வழக்கமாக ஸ்டீயரிங்குக்கு ஒரு பொட்டு, டாஷ்போர்டுக்கு ஒரு பொட்டு. இந்த வருஷம் டீசலுக்குத் தனியாக, வேகத்துக்குத் தனியாக, கிலோமீட்டருக்குச் சற்றுத் தாராளமாக, நடுவில் குங்குமத்தோடு. நான் துணி எடுத்தேன். "சாமிக்கு வச்சது மாமா, துடைக்கக் கூடாது" என்று என் கையைப் பிடித்தான் மைத்துனன். அண்ணனும் அவனும் ஒரே குரலில் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

சந்தனம் காய்ந்து பலகையோடு ஒட்டிப்போய்விட்டது. வோல்ட் மீட்டரை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள். 13.8 காட்டுகிறது. அதைப் பற்றி யாருக்கும் எந்த ஆட்சேபணையும் இல்லை.