மறதியின் வைரி

ஆக்லாந்து நகரத்துச் சாண்ட்ரிங்ஹாம் பகுதியில், இந்திய மளிகைக் கடைகளுக்கு நடுவே எந்த மாலையிலும் தரிசிக்கக்கூடிய மனித வகைகளுள் விசேஷமானவர், தமிழ்ச் சங்க விழாக்களின் வீடியோக்களை எல்லாம் 'கிட்'டில் ஏற்றி ரட்சித்தே தீருவது என்று சங்கல்பம் செய்துகொண்ட மென்பொருள்காரர். பகலில் சம்பளத்துக்கு நிரல் எழுதுவார்; இரவில் தர்மத்துக்குச் சரித்திரம் காப்பார்.

2005ஆம் ஆண்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸின் மூல நிரல்களைப் பேணுவதற்காக இயற்றிய, கோப்புகளின் பழைய பதிப்புகளை எல்லாம் சரித்திரமாகக் காத்து வைக்கும் அந்தச் சாதனம், எழுத்து வடிவான கோப்பில் ஒரு வரி மாறினால், வேற்றுமையை மட்டும் சிக்கனமாக மடித்து வைத்துக்கொள்ளும் சாமர்த்தியம் உடையது. ஆனால், ஏற்கெனவே சுருக்கப்பட்ட வீடியோவில் இரண்டு விநாடியை வெட்டி மறுபடி பதிந்தால் பைட்டுகள் அநேகமாக எல்லாமே மாறிவிடுவதால், அப்பளம் ஒன்று உடைந்ததற்காகப் பந்திச் சமையல் முழுவதையும் மறுபடி செய்வது போல, இன்னொரு முழுப் பிரதியைச் சேமிக்க நேர்கிறது. பிற்பாடு நீக்கினாலும் அது சரித்திரத்தை விட்டுப் போகாது. களஞ்சியத்தை முழுசாகத் தம் கணினிக்கு நகலெடுத்து 'குளோன்' செய்கிறவர் தலையில் அத்தனை பிரதிகளும் வந்து இறங்கும். இந்த அனர்த்தத்தை எடுத்துச் சொன்னால், "சரித்திரம் என்றால் பாரம் இருக்கத்தானே செய்யும்!" என்பார் நம்மவர்.

கிட் களஞ்சியங்களை இணையத்தில் வைத்துக் காக்கும் கிட்ஹப் தளம் 100 மெகாபைட்டுக்கு மேற்பட்ட கோப்புகளை ஏற்க மறுத்தது அவருக்குச் சோதனைக் காலம். 2015இல் 'எல்எஃப்எஸ்' என்ற கிட் துணைக்கருவி தோன்றியதோ அவதாரம். பெரிய கோப்பை வேறிடத்தில் வைத்துவிட்டு, அதன் ஸ்தானத்தில் மூன்று வரிச் சீட்டொன்றை அமர்த்துவதே அந்த உபாயம். அது நிறுவப்படாத கணினியில் பேத்தியின் பரதநாட்டியத்தைக் காண விரும்பிய பாட்டியம்மாளுக்கு, சலங்கை ஒலிக்குப் பதிலாக 64 எழுத்துக் குறியீடு ஒன்றும் பைட்டுக் கணக்கும் தரிசனமாயின. "டான்ஸோட விலாசம்தான் பாட்டி இது!" என்று அவர் வெகு பக்குவமாக விளக்கினார்.

ஒரே வீடியோவில் இருவர் செய்த திருத்தங்களை இணைக்க இயலாது என்பதால், கோப்புக்குப் பூட்டுப் போடும் வசதியும் எல்எஃப்எஸ்ஸில் உண்டு. நம்மவர் டிசம்பரில் பூட்டைப் போட்டுவிட்டு, நமது சோழமண்டலக் கரையின் பெயரை ஒரு கப்பல் வழியாகப் பெற்ற கோரமண்டல் தீபகற்பத்துக்கு, குடும்ப சமேதராய்க் கோடைவிடுமுறை கழிக்கப் புறப்பட்டுவிட்டார். பொங்கல் வரையில் சங்கம் கையைப் பிசைந்துகொண்டிருந்தது.

ஆயினும், விழா வீடியோக்களை வைத்திருந்த சங்கச் செயலாளரின் ஹார்ட் டிஸ்க் உயிரை விட்ட அன்று, சங்கத்தார் கையெடுத்துக் கும்பிட்டது இவரைத்தான். அந்தப் பாட்டியம்மாள் வந்து கேட்டதோ மெருகேறிய கடைசிப் பதிப்பை அன்று. பேத்தி கால் இடறி விழுந்து, சபையைப் பார்த்துச் சிரித்துவிட்டு மறுபடி எழுந்து ஆடிய, பின்னால் வெட்டப்பட்ட, முதற்பதிப்பை. அது இருந்தது. ஒவ்வொரு மாற்றத்தையும் சரித்திரத்தில் பதிந்து வைக்கும் 'கமிட்' தத்துவத்தை முக்கால் மணி நேரம் உபதேசித்த பிறகே கொடுத்தார். பொறுமையாகக் கேட்ட பாட்டியம்மாள், "என் சமையல் குறிப்பையெல்லாம் இதில் போட்டு வைக்கலாமாப்பா?" என்றார். அவை எழுத்து வடிவானவை ஆதலால், இந்த விவகாரம் முழுவதிலும் அந்தச் சாதனத்தின் உபயோகத்தைச் சரியாகப் புரிந்துகொண்டவர் அவர் ஒருவரே என்று சொல்லவேண்டும்.