மீதிக்குப் பத்தி இல்லை

பத்து ரூபாய் நாணயம் செல்லாது என்று எங்கள் பக்கத்துக் கடைக்காரர்கள் எப்போதோ தங்களுக்குள் முடிவுகட்டிவிட்டார்கள். இதுவரை வந்த 14 வடிவங்களும் செல்லும் என்று 2018-இல் ரிசர்வ் வங்கி அறிக்கைவிட்டுப் பார்த்தது. மும்பையில் இருக்கிறவர் சொன்னால் ஆயிற்றா, பெட்டிக்கடை அண்ணாச்சி சொல்ல வேண்டாமா? அப்படிக் கடைகடையாய்த் தள்ளுண்டு அலைந்த நாணயங்களெல்லாம் ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் கோயில் காணிக்கைப் பைக்குள் வந்து இளைப்பாறும். பாவிகளையே தள்ளாதவர் பத்து ரூபாயையா தள்ளப்போகிறார் என்ற விசுவாசம்தான்.

திருநெல்வேலிக்குத் தெற்கே ஒரு சின்ன சபைக்கு நான் பொருளாளர். அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் உட்கார்ந்தவன் என்பது ஒன்றே தகுதி. ஆராதனை முடிந்து ஜனங்கள் வேப்பமரத்தடிக்குப் போனதும், நானும் கமிட்டியார் இருவரும் வெஸ்ட்ரிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பையைக் கவிழ்ப்போம். சிவப்பு வெல்வெட் பை. வாய் குறுகல், வயிறு பெரிது. மூடிய கையை உள்ளே விட்டு, மூடியபடியே வெளியே எடுக்கிறவர்களுக்கு அது ரொம்ப வசதி. பைக்குப் பதில் தட்டு வைத்தால் காணிக்கை கூடும் என்று ஒரு தடவை யோசனை சொன்னேன். எதிலும் ஒத்துப்போகாத கமிட்டி, அதை மட்டும் ஏகமனதாக நிராகரித்தது.

பையிலிருந்து செலோ டேப் ஒட்டிய 20 ரூபாய் விழும், சட்டைப் பொத்தான் விழும், அப்பா கொடுத்த 5 ரூபாய்க்குப் பதிலாக மிட்டாய்த் தாள் விழும். 2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று பிரதமர் அறிவித்தாரே, அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபையில் பெரிய எழுப்புதலே உண்டாயிற்று. அதுவரை பத்தைத் தாண்டாத கைகள் ஆயிரமாய்ப் போட்டன. இத்தனை பேரின் மனத்தை ஒரே ராத்திரியில் மாற்றும் பிரசங்கத்தை எந்த ஐயரும் அதற்குமுன் செய்ததில்லை.

ஸ்தோத்திரக் காணிக்கை தனி ரகம். கவரின்மேல் காரணம் எழுதியிருக்கும். ஐயர் அதைச் சபையில் வாசிப்பார். எருமை சுகமாய்க் கன்று ஈன்றதற்கு 50 ரூபாய். மகன் அரியர் எல்லாம் முடித்ததற்கு 100. வேலித் தகராறு வழக்கில் தீர்ப்பு சாதகமாய் வந்ததற்கு 500. இந்தக் கடைசிக் கவரை வாசிக்கும்போது, தோற்ற கட்சிக்காரர் அடுத்த பெஞ்சிலேயே இருந்தார். மறுவாரம் அவர் கவர் வந்தது: அப்பீல் போகும் பெலனைத் தந்ததற்காக 501 ரூபாய். ஆண்டவர் எந்தக் கட்சிக்கு வக்காலத்து என்று எனக்கு விளங்கவில்லை. இரண்டுக்கும் ரசீது போட்டேன்.

பொருளாளர் என்றால் பணம் எண்ணுகிறவர் மட்டுமல்லர், தசமபாகத்தில் சந்தேகம் தீர்க்கிறவரும் அவர்தான். பரிசேயர்கள் வெந்தயத்துக்கும் சீரகத்துக்கும்கூடத் தசமபாகம் கொடுத்ததாக மத்தேயு எழுதுகிறார். அஞ்சறைப் பெட்டியையே விட்டுவைக்காத ஆட்கள். ஆனால் அவர்களுக்குச் சம்பளப் பட்டியல் கிடையாது. எங்கள் சபை வாத்தியார் ஒருவர் வந்து, “அண்ணாச்சி, பத்தில் ஒண்ணு பிடித்தத்துக்கு முன்னாடியா, பின்னாடியா?” என்று கேட்டார். கைக்கு வருவதில் கொடுங்கள் என்றேன். கைக்கு 52,000 வருகிறதாம். “வீட்டுக்கடன் 24,000 என் காசா? அது பேங்க்காரன் காசுல்லா” என்று அதைக் கழித்தார். பிள்ளைகள் கட்டணம் 12,000, சீட்டு 10,000, மளிகைக்கும் பாலுக்கும் 9,400 என்று ஒவ்வொன்றாய்க் கழித்துக்கொண்டே வந்தார். முடிவில் 3,400 ரூபாய் துண்டு விழுந்தது. அதில் பத்தில் ஒன்று என்று பார்த்தால், மாதாமாதம் ஆண்டவர்தான் வாத்தியாருக்கு 340 ரூபாய் தரவேண்டும். அவர் பெரிய மனது பண்ணி அதைத் தள்ளுபடி செய்துவிட்டுப் போனார்.

எங்கள் வீட்டில் இந்தக் கேள்வி எழ வழியில்லை. சம்பளம் வந்த அன்றே என் மனைவி கோயில் பங்கை எடுத்து ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு மூடிவிடுவாள். மாதக் கடைசியில் கை வறண்ட ஒரு நாள், அதிலிருந்து 500 ரூபாய் கைமாற்று கேட்டேன். தடையில்லாமல் தந்தாள். ஒன்றாம் தேதி திருப்பிக் கொடுத்தபோது 600 கேட்டாள். லேவியராகமம் 27-ஐ எடுத்துக் காட்டினாள். தசமபாகத்தை ஒருவன் மீட்டுக்கொண்டால் அதோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்க வேண்டும் என்று அங்கே சட்டம் இருக்கிறது. “ஏ, தமிழ்நாட்டில் கந்துவட்டித் தடைச் சட்டம் 2003-லேயே வந்தாச்சு” என்றேன். “மோசேயோட சட்டம் அதுக்கும் மூத்தது” என்றாள். அன்றிலிருந்து அந்தப் பாட்டில் பக்கம் நான் போவதில்லை. இருபத்தைந்தாம் தேதிக்குமேல் ரசமும் கானத்துவையலுமாக ஓடுகிறது. தியாகம் என்று பிரசங்கத்தில் கேட்கும்போது சிலுவை அளவுக்குப் பெரிதாய்த் தெரிகிறது. வீட்டுக்கு வந்தால் அது மீன் வாங்காத சனிக்கிழமைதான். ஆனால் ஒன்று, எந்த மாதமும் நாங்கள் பட்டினி கிடந்ததில்லை. துவையலும் ருசியாகத்தான் இருக்கிறது.

டிவியில் ஓடுகிற விசுவாசம் வேறு மாதிரி. ஆயிரம் விதை, லட்சம் அறுப்பாய் என்கிறார்கள். கொங்கு நாட்டில் ஈமு கோழி வளர்த்தால் மாதாமாதம் பணம் கொட்டும் என்று போட்டவர்கள் 2012-இல் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டார்கள். அதைப் பார்த்துச் சிரித்த எங்கள் ஆட்கள், பரலோகத்திலேயே ஈமு வளர்க்கலாம் என்று யாராவது சொன்னால் பர்ஸைத் திறக்கிறார்கள். இவர்களுக்கெல்லாம் ஆதாரம் மல்கியா மூன்றாம் அதிகாரம். சோதித்துப் பார்க்கும்படி ஆண்டவரே அங்கே சவால் விடுகிறார், உண்மைதான். ஆனால் அதே வசனத்தில், தசமபாகம் எதற்கு என்பதும் இருக்கிறது: ஆலயத்தில் ஆகாரம் இருப்பதற்கு. அந்த ஆகாரம் யாருக்கு என்று உபாகமம் 14 சொல்கிறது: நிலமில்லாத லேவியனுக்கு, பரதேசிக்கு, திக்கற்ற பிள்ளைக்கு, விதவைக்கு. மொத்தத்தில் அது சாப்பாட்டுச் செலவு. முதலீட்டுத் திட்டம் என்று யார் எப்போது மாற்றி எழுதினார்களோ தெரியாது.

கணக்கை ஆண்டவர் கையில் விட்டவர்களுக்கு எங்கள் சீமையில் பஞ்சமில்லை. வெள்ளாளன்விளைப் பிள்ளை அசரியாவும் அவர் கூட்டாளிகளும் 1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கினார்கள். வெள்ளைக்காரர் பணம் வேண்டாம், நம் ஆள், நம் காசு என்பது கொள்கை. பனையும் மணலும் தவிர வேறு சொத்தில்லாத ஊர்களை நம்பி, தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கலுக்கு ஆள் அனுப்பினார்கள். அசரியா பிற்பாடு பேராயராகி, கிறிஸ்தவ ஈகையைப் பற்றிப் புத்தகமே எழுதினார். டோனாவூரில் ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1901 முதல் 1951-இல் சாகும்வரை நூற்றுக்கணக்கான பிள்ளைகளை வளர்த்தார். ஆளிடம் பணம் கேட்பதில்லை என்பது அவர் வைராக்கியம். எங்கள் கமிட்டியாரிடம் இதைச் சொன்னபோது அவர்களும் உருகினார்கள். உருகி முடித்துவிட்டு, கோபுர நிதிக்கு வீட்டுக்கு வீடு நோட்டீஸ் அடிக்கத் தீர்மானித்தார்கள்.

கட்டட நிதி என்றாலே எனக்கு யாத்திராகமம் 36 ஞாபகம் வரும். ஆசரிப்புக் கூடாரத்துக்கு ஜனங்கள் அள்ளிக்கொண்டு வந்ததில் பொருள் மிஞ்சிவிட்டது. இனி யாரும் கொண்டுவர வேண்டாம் என்று மோசே பாளயம் முழுக்கக் கூறச்சொன்னார். அதற்குப் பிறகு எந்தக் கட்டடக் கமிட்டியும் அப்படி ஓர் அறிவிப்புச் செய்ததாக நான் கேள்விப்படவில்லை. எங்கள் கோயிலில் ஒவ்வொரு மின்விசிறியின் மூன்று இறக்கையிலும் உபயதாரர் பெயர் சிவப்பு எழுத்தில் இருக்கிறது. வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக்கூடாது என்று இயேசு சொன்னதை யார் காப்பாற்றுகிறார்களோ இல்லையோ, மின்வாரியம் முடிந்தவரை காப்பாற்றுகிறது. கரண்டு இருக்கும்வரை விசிறி சுற்றும், பெயரை வாசிக்க முடியாது. கரண்டு போனால்தான் புகழ். அப்போது சபை முழுக்க வேர்வையைத் துடைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்து அவர்களை நினைவுகூரும்.

அறுப்பின் பண்டிகை ஏலத்தில் இந்த ஒளிவுமறைவும் கிடையாது. ஆராதனை முடிந்ததும் கோயில் முற்றத்தில் வாழைத்தார், பூசணி, பனங்கிழங்குக் கட்டு, தேங்காய், முட்டை எல்லாம் வரிசையாய் இருக்கும். போன பண்டிகையில் ஒரு சேவல் வந்தது. சந்தையில் 500 ரூபாய் பெறும். பத்து வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு மச்சினன்மார் எதிரெதிரே நின்று கேட்டார்கள். “ஆயிரம் ஒரு தரம்” என்று ஏலம்விடுகிறவர் இழுப்பதற்குள் ஆயிரத்து ஐந்நூறு வந்தது. நாலாயிரத்தில் ஒருவர் எடுத்தார். எடுத்த வேகத்தில், “கோயிலுக்கே விட்டேன், திரும்ப ஏலம் போடுங்க” என்றார். மற்றவர் விடுவாரா? ஐயாயிரத்துக்கு எடுத்து, அவரும் கோயிலுக்கே விட்டார். கால் கட்டிய சேவல் ஆளை மாற்றி ஆளைப் பார்த்துக்கொண்டு கிடந்தது. அன்று ஒரு சண்டையும் தீராமல், ஒரு கோழியினால் கோயிலுக்கு வந்த தொகை 9,000. ராத்திரி அது ஐயர் வீட்டுக் குழம்பாக ஊழியத்தை நிறைவு செய்தது.

இந்தப் பெரிய தொகைகளை எழுதும்போது பேனா தானாய் ஓடும். ஆனால் எருசலேம் தேவாலயத்தில் இயேசு காணிக்கைப் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்து, யார் யார் என்ன போடுகிறார்கள் என்று பார்த்தார் என மாற்கு எழுதியிருக்கிறார். எங்கள் கமிட்டியில் ஒருவர் அப்படி உட்கார்ந்தால் மறுவாரமே சபை இரண்டாய் உடையும். உட்கார்ந்தவர் பார்த்த கணக்கும் எங்கள் கணக்கல்ல. இரண்டு காசு போட்ட விதவை எல்லாரையும்விட அதிகம் போட்டாள் என்று எழுதினால், எந்தத் தணிக்கையாளர் ஒத்துக்கொள்வார்? அவர் பார்த்தது பெட்டிக்குள் விழுந்ததையல்ல, போட்டபின் கையில் என்ன மிஞ்சியது என்பதை. என் பேரேட்டில் தேதி, பெயர், வகை, தொகை எல்லாவற்றுக்கும் பத்தி உண்டு. கொடுத்தவர் வீட்டு மீதிக்குப் பத்தி இல்லை.

அப்படியும் சில மீதிகள் வாசனையில் தெரிந்துவிடும். மேலத்தெருப் பெரியம்மை பீடி சுற்றுகிறவர். அவர் கவரிலிருந்து வரும் நோட்டு எட்டாய் மடித்திருக்கும். பிரித்தால் வெஸ்ட்ரி முழுக்கப் புகையிலை நெடி. பெயர் இல்லாமல் போட்டாலும் யாருடையது என்று மூக்கே ரசீது எழுதிவிடும். ஆயிரம் பீடி சுற்றினால்தான் அவருக்கு ஒரு நாள் கூலி. வாரத்தில் ஒரு நாள் கூலியை அப்படியே போட்டுவிடுகிறார் என்று கண்டுபிடித்து, பொருளாளர் சொல்லக்கூடாத ஒன்றைச் சொன்னேன்: “பெரியம்மை, கொஞ்சம் கையில வச்சுக்கிடுங்க. மழைக்காலம் வருது.”

“மழைக்காலம் வருசா வருசம்தான வருது” என்றார். “மிச்சம் வச்சா அதை எண்ணணும். எண்ணினா பத்தாதுன்னு பயம் வரும். பயந்த கைக்கு இலை மடங்காது, எய்யா.”

நான் உருகி நின்றேன். அந்தச் சூட்டோடு அவர் அடுத்த கேள்வியைப் போட்டார். “அது கெடக்கட்டும். போன மாசம் சுவருக்கு அடிச்ச பெயின்ட் ஆறு டின்னுன்னு எழுதியிருக்கியே. காலி டின் நாலுதான கெடந்தது?”

“என்ன பெரியம்மை, ஆண்டவரை நம்பித்தான காணிக்கை போடுதீங்க?”

“ஆண்டவரை நம்புதேன். கமிட்டியை நம்புதேன்னு நான் எப்பம் சொன்னேன்?”

மீதி இரண்டு டின்னும் கோயில்பிள்ளை வீட்டில் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தன, எடுத்துவந்து காட்டினேன். ஆனால் அவர் கேட்டதில் வேதமும் இருக்கிறது. எருசலேமின் ஏழைகளுக்காக ஊர் ஊராய்ப் பணம் சேர்த்த பவுல், அதைத் தனியாளாய்த் தூக்கிக்கொண்டு போகவில்லை. யாரும் குற்றம் சொல்ல இடம் வைக்கக்கூடாது என்று சபைகள் தெரிந்தெடுத்த சகோதரரையும் சேர்த்துக்கொண்டதாகக் கொரிந்தியருக்கு எழுதுகிறார். அப்போஸ்தலனுக்கே சாட்சி தேவைப்பட்டால் பொருளாளர் எம்மாத்திரம்? மீதியில்லாமல் கொடுக்கிறவர் ஒருவர் சபையில் இருந்தால், வாங்குகிறவன் ஒரு பைசா விடாமல் எழுதியாக வேண்டும். ஆயிரம் பீடிக்குச் சமமான நோட்டு அது.

இந்த வருஷம் சபைக் கூட்டத்தில் கணக்கு வாசித்தேன். கையிருப்பில் 12 ரூபாய் குறைந்தது. எத்தனை தடவை கூட்டியும் அகப்படவில்லை. பெரிய மனுஷத் தோரணையில், “போகட்டும், என் கையிலிருந்து போட்டுச் சரிகட்டிவிட்டேன்” என்று அறிவித்தேன். ஐயர் தலையசைத்தார். கமிட்டியார் கைதட்ட ஆயத்தமானார்கள். பெண்கள் பக்கத்தில் கடைசிப் பாயிலிருந்து பெரியம்மை எழுந்தார்.

“எய்யா, அது உன் காசுன்னா காணிக்கைன்னு எழுது. கோயில் காசுன்னா எங்க போச்சுன்னு தேடி எழுது. சரிகட்டினேன்னு மட்டும் எழுதாத.”