தளபதி ஸ்ட்ராசரின் உறுதி

பேட்டர் ஸ்ட்ராசர் அவர்களே, ஜெர்மன் கடற்படையின் வான்கப்பல்களைக் கடைசிவரை கைவிடாத உங்கள் உறுதியைப் பாராட்டத்தான் வேண்டும். 1913 செப்டம்பரில் ஹெலிகோலாண்டு அருகே எல்1 என்ற கப்பல் புயலில் விழுந்து 14 பேர் இறந்தார்கள்; உங்களுக்கு முன்னிருந்த தளபதியும் அதில் போனார். அடுத்த மாதமே எல்2 வானில் தீப்பிடித்தது. ஏறிய 28 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. கடற்படையிடம் இருந்ததே அந்த இரண்டு கப்பல்கள்தான். வேறொருவராக இருந்தால் கலங்கியிருப்பார். நீங்கள் மூன்றாவது கப்பலுக்கு ஆள் பழக்கினீர்கள்.

முதல் உலகப்போர் வந்ததும் உங்கள் வீரம் உலகுக்குத் தெரிந்தது. 1915 ஜனவரி 19 இரவு இங்கிலாந்தின் யார்மத்திலும் கிங்ஸ் லின்னிலும் உங்கள் கப்பல்கள் நான்கு எதிரிகளை வீழ்த்தின. அவர்களில் ஒருவன் சிறுவன்.

நீங்கள் தேர்ந்த கருவியும் சாமானியமானதல்ல. டுராலுமின் வளையங்கள், அவற்றைக் கோக்கும் நீளச் சட்டங்கள், இழுத்துக் கட்டிய கம்பிகள், மேலே துணிப்போர்வை. உள்ளே மாட்டுக்குடல் சவ்வு ஒட்டிய வாயுப்பைகள். 1916இல் வந்த எல்30 கிட்டத்தட்ட 200 மீட்டர் நீளம். கொள்ளளவு 55,000 கன மீட்டர் ஹைட்ரஜன். அவ்வளவையும் சுமந்து எதிரியின் தலைக்கு மேலே போய் நின்று, பற்றவைக்கும் வேலையை மட்டும் அவனுக்கே விட்டுவைத்த பெருந்தன்மை யாருக்கு வரும்?

அதே ஆண்டு செப்டம்பரிலிருந்து தீத்தோட்டாக்களால் அவன் அந்த வேலையைச் செய்யத் தொடங்கினான். உங்கள் தலைசிறந்த கப்பல் தலைவர் ஹைன்ரிச் மாத்தி, எரியும் எல்31இலிருந்து குதித்து மடிந்தார். தரைப்படை 1917இல் வான்கப்பலையே கைகழுவியது. பாவம், அவர்களுக்கு உங்கள் நெஞ்சுரம் இல்லை.

நீங்கள் விடை கண்டீர்கள்: இன்னும் உயரே போவது. அதற்காக எடையைக் குறைத்தீர்கள். சட்டங்கள் மெலிந்தன, ஓர் எஞ்சின் போயிற்று, வீரர்கள் இளைப்பாறும் இடம் போயிற்று, பாராசூட்டும் வேண்டாத பாரமாகிவிட்டது. ஆறாயிரம் மீட்டருக்கும் மேலே, மூச்சுக்குக் காற்றில்லாத கடுங்குளிரில், அந்த இளைஞர்கள் உங்கள் சொல்லைத் தட்டாமல் நின்றார்கள். எடை குறைக்கும் கணக்கில் நீங்கள் விட்டுவைத்தது அவர்களை மட்டும்தான். 1917 அக்டோபரில் அதே உயரத்துக் காற்று பதினொரு கப்பல்களைச் சிதறடித்தது, ஐந்து திரும்பவில்லை. அப்போதும் நீங்கள் அசையவில்லை.

உங்களை நாற்காலித் தளபதி என்று யாரும் சொல்ல முடியாது. 1918 ஆகஸ்ட் 5 அன்று, புத்தம்புதிய எல்70இல் நீங்களே ஏறினீர்கள். முழுதாய் இருட்டுவதற்குள் இங்கிலாந்துக் கரையை நெருங்கி, ஒரு சிறு விமானத்தின் தோட்டாவுக்கு எரிந்துபோனீர்கள். தனியாகப் போகவில்லை, கப்பலிலிருந்த எல்லோரையும் அழைத்துக்கொண்டு போனீர்கள். ஜெர்மன் வான்கப்பல் தாக்குதல்களில் பிரிட்டனில் மாண்டவர்கள் சுமார் 550 பேர். பெரும்பாலும் தங்கள் வீடுகளிலும் தெருக்களிலும் இருந்த சாதாரண மக்கள். அதனால் போர் ஒருநாள்கூடச் சுருங்கவில்லை.

உங்கள் புகழ் அத்தோடு அணையவில்லை. எடை மெலிந்த அந்தக் கப்பல்களைப் பகைவரும் பார்த்துப் படித்தார்கள். அந்த வழியில் கட்டிய பிரிட்டனின் ஆர்38, 1921 ஆகஸ்டில் ஹல் நகருக்கு மேலே திரும்பும்போது முறிந்தது; 49 பேரில் 44 பேர் மாண்டார்கள். பிரான்ஸில் பிடிபட்ட எல்49ஐ மாதிரியாக வைத்து அமெரிக்கா கட்டிய ஷெனன்டோவா, 1925 செப்டம்பரில் ஓஹாயோவின் புயலில் உடைந்து 14 பேரைக் கொன்றது. அமெரிக்கர்கள் உங்களிடமிருந்து எடுத்துக்கொள்ளாதது ஹைட்ரஜனை மட்டும்தான், ஹீலியம் நிரப்பியிருந்தார்கள். மீதி 29 பேர் உயிரோடு தரைக்கு வந்தார்கள்.