பொறு, லைட்டு இன்னும் மின்னுது

பென் டிரைவை உருவக் கை போனதுமே "ஏய், ஏய், ஏய்!" என்று ஒரு குரல் வரும். கொதிக்கிற எண்ணெய்ச் சட்டியில் பிள்ளை கை வைக்கப் போனால்கூடச் சுங்கை வேயில் இவ்வளவு பதற்றமாக யாரும் கத்தி நான் கேட்டதில்லை. குரலுக்கு உரியவர் கேபிள் அண்ணன். உங்கள் தாமானிலும் ஒருவர் இருப்பார். கிள்ளானில் இருப்பவர் கொஞ்சம் குண்டு, பிரிக்ஃபீல்ட்ஸில் இருப்பவர் கண்ணாடி போட்டவர் என்று கேள்வி. மற்றபடி எல்லாரும் ஒரே வார்ப்பு. இது யாரையும் தனிப்பட்ட முறையில் குறிப்பதல்ல என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்றாம் மாடியில் இருப்பவர் இதைப் படித்துவிட்டு என் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டாம்.

அண்ணனிடம் ஒரு பிஸ்கட் டின் நிறைய கேபிள் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ரப்பர் பேண்டு, ஒவ்வொன்றிலும் காகிதத் துண்டில் பெயர். யூஎஸ்பியை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர் அஜய் பட் என்று எங்கோ படித்துவிட்டு, "பட்டுன்னா நம்ம ஆளுதானே?" என்று கேட்டவர் அவர். "இல்லண்ணே, குஜராத்து" என்றேன். இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை. அதையெல்லாம் விடுங்கள். நான் சொல்ல வந்தது அவர் உருவுகிற அழகை.

உருவுவது நமக்கெல்லாம் ஒரு நொடி வேலை. அண்ணனுக்கு அது பூசை. முதலில் திரையில் திறந்திருப்பதை எல்லாம் ஒவ்வொன்றாக மூடுவார். "யாராவது இதுல பாட்டு கேக்குறீங்களா?" என்று அடுப்படிப் பக்கம் திரும்பி ஒரு அறிவிப்பு. பிறகு வலது கீழ் மூலைக்கு மவுஸை ஓட்டிக்கொண்டு போய், அங்கே ஒளிந்திருக்கும் எஜெக்ட் படத்தைத் தேடுவார். சரியாக அந்த இடத்தில் மவுஸ் திக்கும். அம்பு நிற்கும், குதிக்கும், திரையின் மறுகோடிக்கு ஓடும்.

"பேட்டரி வீக்கு" என்பார் அண்ணன். பேட்டரி மாற்றுவார். மறுபடி திக்கும். பாதி உயிருள்ள பேட்டரிகள் ஒரு டம்ளர் நிறைய அவர் வீட்டில் சேர்ந்திருக்கின்றன. பேட்டரியில் குற்றமே இல்லை. வயரில்லாத மவுஸ் 2.4 கிகாஹெர்ட்ஸில் பேசுகிறது. யூஎஸ்பி 3 ஓடும்போது அதே அலைவரிசையில் இரைச்சல் கிளப்புகிறது. இன்டெல் நிறுவனமே 2012இல் இதைப் பற்றி ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. அண்ணனோ ஹார்ட் டிஸ்கை யூஎஸ்பி 3இன் நீலத் துளையில் சொருகி, மவுஸின் சிக்னல் வாங்கும் குட்டிக் குமிழை அதற்குப் பக்கத்துத் துளையிலேயே செருகி வைத்திருக்கிறார். குமிழை மறுபக்கத்துக்கு மாற்றினாலோ, ஒரு முழ நீட்டிப்புக் கேபிளில் முன்னால் இழுத்து வைத்தாலோ தீர்ந்தது. சொன்னேன். "நீ எந்த ஃபேக்டரில வேலை பாத்த?" என்று கேட்டார்.

ஒருவழியாக எஜெக்டைத் தட்டியதும், கருவி பயன்பாட்டில் இருக்கிறது, பிறகு முயலவும் என்று கணினி சொல்லும். ஏதோ ஒரு கோப்பு மூடாமல் கிடக்கும், இல்லாவிட்டால் வைரஸ் தேடும் மென்பொருள் உள்ளே புகுந்து துழாவிக்கொண்டிருக்கும். அண்ணனுக்கு அது அருள்வாக்கு. ஐந்து நிமிடம் கைகட்டி நிற்பார். மறுபடி தட்டுவார். மறுபடி அதே வாக்கு வந்தால் கணினியையே அணைத்துவிடுவார். அணைத்த பிறகு உருவலாம் அல்லவா? கூடாது. "பொறு, லைட்டு இன்னும் மின்னுது."

சில கணினிகளில் அணைத்த பின்னும் துளையில் மின்சாரம் இருக்கும். லைட்டு எரியத்தான் செய்யும். ஒருநாள் நான் கீழே மாமாக் கடைக்குப் போய் ஒரு தே தாரேக் குடித்து, ரொட்டி சானாய் இரண்டு சாப்பிட்டு, திரும்பி வந்தும் பார்த்தேன். அண்ணன் நின்றுகொண்டிருந்தார். லைட்டும் எரிந்துகொண்டிருந்தது.

இந்தப் பயத்துக்கு ஒரு காலத்தில் அர்த்தம் இருந்தது, மறுக்கவில்லை. மாமாக் கடையில் "பாஸ், தே என்னாச்சு?" என்று கேட்டால் "வந்துருச்சு பாஸ், வந்துருச்சு!" என்பார்கள். தேநீர் இன்னும் ஆற்றப்பட்டுக்கொண்டிருக்கும். பழைய விண்டோஸும் அந்த ரகம். எழுதி முடித்துவிட்டேன் என்று திரையில் சொல்லிவிட்டு, பாதியைத் தன் நினைவகத்திலேயே வைத்துக்கொண்டு, சாவகாசமாக டிரைவுக்கு அனுப்பும். அந்த இடைவெளியில் உருவினால் கோப்பு நாசம். ஆனால் விண்டோஸ் 10இன் 2018 அக்டோபர்ப் பதிப்பிலிருந்து மைக்ரோசாஃப்ட் இயல்பான அமைப்பை மாற்றிவிட்டது. பென் டிரைவுக்கும் வெளி ஹார்ட் டிஸ்குக்கும் இப்போது கையோடு எழுதிவிடுகிறது. எதுவும் ஓடாத நேரமாகப் பார்த்து, பென் டிரைவை எஜெக்ட் இல்லாமலே உருவலாம். இதை அண்ணனிடம் சொன்னபோது, கோயிலில் செருப்போடு நுழைந்தவனைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார்.

அந்த 2018 அவருக்கு ஆகாத ஆண்டு. ஜூலையில்தான் வெஸ்டர்ன் டிஜிட்டல் தன் பெட்டாலிங் ஜெயா ஹார்ட் டிஸ்க் ஆலையை 2019 முடிவதற்குள் மூடப்போவதாக அறிவித்தது. அண்ணன் அங்கே வேலை பார்த்தவர் அல்ல. அவர் இருந்தது வேறோர் ஆலையில், அதிலிருந்தும் அதற்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டார். ஆனாலும் ஒரு வாரம் சாப்பாட்டுக் கடைப் பக்கம் ஆளைக் காணோம். எழுபதுகளில் சுங்கை வேயில் ஃப்ரீ டிரேட் ஸோன் வந்தபின் இந்தப் பக்கத்து வீடுகளில் ஆலை பஸ்ஸுக்கு நேரம் பார்க்காத வீடு குறைவு. ஆலை என்றால் அவர்களுக்குச் சம்பளம் மட்டும் இல்லை, ஒரு சாதி மாதிரி. நீ எந்த ஆலை, நான் எந்த ஆலை.

தலை முதல் கால் வரை வெள்ளை உடை மாட்டிக்கொண்டு, கண் மட்டும் தெரிய, இருபது வருடத்துக்கு மேல் ஹார்ட் டிஸ்கின் வயிற்றைத் திறந்து பார்த்தவர் அண்ணன். உள்ளே தட்டு சுழலும்போது அதைப் படிக்கும் தலை சில நானோமீட்டர் உயரத்தில் பறக்கிறது. நம் தலைமுடி ஒன்றின் தடிமன் அதைப்போலப் பல்லாயிரம் மடங்கு. ஒரு தூசு போதும், ஒரு அதிர்ச்சி போதும். எஜெக்ட் கொடுத்து, தலை ஓரமாய்ப் போய் நின்று, தட்டு ஓய்ந்தபின் கையில் எடுப்பதுதான் அதற்குப் பாதுகாப்பு. ஹார்ட் டிஸ்க் விஷயத்தில் அண்ணன் சொல்வது முழுக்கச் சரி, இன்றைக்கும். சுழல்கிற டிஸ்கை அப்படியே தூக்கி சோபாவில் போடுகிற என் மருமகனை அவர் கண்ணில் காட்டியதே இல்லை.

பென் டிரைவில் தட்டும் இல்லை, தலையும் இல்லை என்பதுதான் அவர் மண்டையில் ஏற மாட்டேன் என்கிறது. இதில் வேடிக்கை, பென் டிரைவைப் பற்றி அவரைப்போல் பெருமை பேசுகிற ஆளும் கிடையாது. "செகிஞ்சான் பையன் கண்டுபிடிச்சதுடா!" செகிஞ்சானில் பிறந்து தைவான் போய் ஃபைசன் நிறுவனத்தைத் தொடங்கிய புவா கெய்ன் செங்கைச் சொல்கிறார். ஒற்றைச் சில்லில் பென் டிரைவுக்கான கட்டுப்பாட்டகத்தைச் செய்தது அவருடைய குழு. பென் டிரைவுக்கே நாங்கள்தான் தாய் தந்தை என்று சிங்கப்பூரில் ஒரு நிறுவனமும் இஸ்ரேலில் ஒரு நிறுவனமும் உரிமை கொண்டாடுவதை நான் அண்ணனிடம் சொல்லவில்லை. மவுஸுக்கே அவ்வளவு பேச்சு வாங்கியவன் நான். சொந்த மாநிலத்துப் பையன் செய்தது என்று நெஞ்சு நிமிர்த்துகிறவர், அதை நம்பி உருவ மட்டும் மாட்டார்.

சொருகுவது இன்னொரு கூத்து. திருநீறு வைப்பது போல மெல்ல, மெல்ல, மெல்லத் தள்ளுவார். யூஎஸ்பி 3இன் முனைக்குள் இரண்டு வரிசைத் தொடுமுனைகள் உண்டு: முன்வரிசையில் பழைய நான்கு, அதற்குப் பின்னால் ஆழத்தில் புதிய ஐந்து. மெதுவாகத் தள்ளினால் பழைய நான்கும் முதலில் தொட்டு, சில கணினிகள் "ஓ, யூஎஸ்பி 2 வந்திருக்கிறது" என்று முடிவு கட்டிவிடும். 5 கிகாபிட் போக வேண்டிய பாதை 480 மெகாபிட்டுக்கு இறங்கிவிடும். ஒரே மூச்சில் சொருக வேண்டும். கிள்ளானில் நடந்த என் அக்கா மகள் கல்யாணக் காணொளி 40 ஜிபி. சரியாகச் சொருகியிருந்தால் ஏழெட்டு நிமிடத்தில் ஏறியிருக்கும். அண்ணன் பக்தியோடு சொருகியதில் இருபது நிமிடம் ஆனது. "பாத்தியா, இப்பல்லாம் சாமான் தரமே இல்ல" என்று ஆலைகளைத் திட்டினார். இதுவே 1998இல் வந்த யூஎஸ்பி 1.1ஆக இருந்திருந்தால் பத்துப் பதினொரு மணி நேரம் ஆகியிருக்கும். தைப்பூசத்துக்கு இராத்திரி கோலாலம்பூர் மாரியம்மன் கோயிலை விட்டுப் புறப்படுகிற வெள்ளி ரதம், அதற்குள் பத்துமலைப் பாதையில் வெகுதூரம் போயிருக்கும். அந்தக் காலத்திலேயே அண்ணன் பிறந்து வளர்ந்து நின்றுவிட்டார் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

மாலை நேரத்து இடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் கிள்ளான் பள்ளத்தாக்கில் இடி இடிக்காத வாரம் ஏது? சுபாங் பக்கம் வானம் கறுத்தாலே எல்லாரும் சுவரில் இருக்கிற பிளக்கைப் பிடுங்கிவிடுவோம். அண்ணனும் பிடுங்குவார். பிடுங்குமுன் பிரிண்டர், ஹார்ட் டிஸ்க், பென் டிரைவு என்று ஒவ்வொன்றுக்கும் முறையாக எஜெக்ட் கொடுப்பார். மேலே மின்னும். மவுஸ் திக்கும். "ஒரு நிமிசம்" என்பார் வானத்தைப் பார்த்து.

இதுவரை சிரித்தாயிற்று. இனிச் சிரிக்கிற விஷயம் இல்லை.

வெளி ஹார்ட் டிஸ்குக்கு ஒரு தனிக் கேபிள் வரும். ஒரு முனை நீலம், மறுமுனை இரண்டு துண்டாகப் பிளந்த தட்டை முனை. என்னுடையதை லோயாட் பிளாசாவில் 25 வெள்ளி கொடுத்து வாங்கினேன். தீபாவளிக்கு நாலு நாள் முன்னால், "நாளைக்குக் குடுத்துர்றேன் தம்பி" என்று ஒருவர் வாங்கிக்கொண்டு போனார். மூன்றாம் மாடி. இப்போது தைப்பூசமும் முடிந்துவிட்டது. கேபிள் அந்த பிஸ்கட் டின்னில், ரப்பர் பேண்டு போட்டு, அவர் பெயர் எழுதிய காகிதத் துண்டோடு இருப்பதை நான் என் கண்ணால் பார்த்தேன். அது இல்லாததால் பழைய கைப்பேசிக் கேபிள் ஒன்றை என் டிஸ்கின் பாதித் துளையில் செருகி ஓட்டுகிறேன். பொருந்துகிறது, ஆனால் யூஎஸ்பி 2இன் வேகம்தான். நல்ல கேபிளை எடுத்துக்கொண்டு போனவரோ திருநீறு வைப்பது போலச் சொருகுகிறார். ஆக, 25 வெள்ளி கொடுத்து நான் வாங்கிய வேகம் எனக்கும் இல்லை, அவருக்கும் இல்லை.

அண்ணே, நாளைக் காலை பசியாறப் போகும்போது அதைக் கையோடு எடுத்துட்டு வாங்க. எஜெக்ட் எல்லாம் வேணாம். லைட்டு மின்னினாலும் பரவால்ல, உருவிட்டு வாங்க.