வால்வு மாப்பிள்ளைக்கு நாலு வார்த்தை

வாரும்வே, வால்வு மாப்பிள்ளை! நெஞ்சைப் பொளந்து உலோக வால்வு வச்சு மூணு மாசங்கூட ஆகல, சைக்கிள் மிதிக்கிறீரு. சந்தோசம். ‘அதான் தேறியாச்சே, இனி எதுக்கு அசிட்ரோம்’னு, ரெத்தம் உறையாமப் பாத்துக்கிடுற மாத்திரையை நிறுத்திட்டீராமே! அத்தனை வருசம் படிச்ச டாக்டருக்குத் தோணாத ரோசனை உமக்குத் தோணிருக்கு பாரும்.

உமக்கு இருக்கிற பெருந்தன்மை உம்ம ரெத்தத்துக்குக் கிடையாதுவே. உலோகத்தைக் கண்டா, அசலூரான் வந்துட்டான்னு உறைய ஆரம்பிச்சிரும். அந்தக் கட்டி வால்வுல ஒட்டுனா மூச்சு முட்டும். பிச்சுக்கிட்டு மூளைக்குப் போனா வாய் கோணி, ஒரு பக்கம் கைகால் விழுந்துரும். ஆயுசு பூரா மாத்திரைன்னு சொன்னது அதுக்குத்தான்.

அதுக்காக, விட்ட நாளுக்கும் சேத்து அள்ளி முழுங்கிராதீரும். அளவு மிஞ்சுனா ரெத்தம் உறையாமலே போயிரும், அதோட பூர்வீகம் அப்படி. 1933ல அமெரிக்காவுல விஸ்கான்சின் சம்சாரி ஒருத்தரு, செத்த மாட்டையும் ஒரு கேன் உறையாத ரெத்தத்தையும் கார்ல் பால் லிங்க்குங்கிற விஞ்ஞானி முன்னால கொண்டுபோயி வச்சாரு. பூசணம் பிடிச்ச குளோவர் தீவனம் பண்ணுன வேலை. அதை நோண்டிக்கிட்டுப் போயித்தான் வார்ஃபரினைக் கண்டுபிடிச்சாங்க. 1948ல மொதல்ல எலிக்குத்தான் வச்சாங்க, மனுசனுக்குப் பெறவுதான். உம்ம மாத்திரை அதுக்குப் பங்காளி.

வட்டிக் கணக்குன்னா பைசா பிசகாம ஒப்பிக்கிறீரு, ரெத்தம் உறைய எம்புட்டு நேரமாகுதுன்னு காட்டுற ஐ.என்.ஆர். எவ்வளவுன்னா தலையைச் சொறியிறீரே! மாத்திரை தின்னாத எனக்கு 1 வாக்குல இருக்கும். மைட்ரல் வால்வை மாத்துன உமக்குப் பொதுவா 2.5க்கும் 3.5க்கும் நடுவுல நிக்கணும். ஆனா வீட்டுல முருங்கை துளுத்தா ஒரு வாரம் கீரை, கீரை, கீரை. அடுத்த வாரம் கறிக்கொழம்பு. கீரையில இருக்கிற வைட்டமின் கே மாத்திரையை மடக்கிப் போடும்வே. கீரையை விடச் சொல்லல, வாராவாரம் ஒரே அளவாத் தின்னும்.

அப்புறம் அந்த ஊசி! லேசா மேலு சுட்டாலே, ‘இடுப்புல ஒண்ணு போடுங்க’ன்னு வேட்டியைத் தளத்திக்கிட்டு நிப்பீரே, அது இனி ஆகாது. குத்துன எடத்துல உள்ளுக்குள்ள ரெத்தம் கட்டிக்கிடும், உக்கார முடியாது. கடையில கேட்டு வாங்குற மூட்டுவலி மாத்திரையும் வேண்டாம், வயித்துக்குள்ள ரெத்தம் கசியும். வெளிக்குக் கறுப்பாப் போச்சுன்னா சாயங்காலம் வரைக்கும் யோசிச்சுக்கிட்டு இருக்காம ஆஸ்பத்திரிக்கு ஓடும். பல்லு பிடுங்கப் போனா, வாயைத் தொறக்கு முந்தியே வால்வு சங்கதியைச் சொல்லிரும்.

எந்திரியும், டவுன் பஸ்ஸு வரப்போகுது. போயி ஐ.என்.ஆர். பாக்க ரெத்தம் குடுத்துட்டு, மாத்திரை நிறுத்துன கதையையும் டாக்டர்கிட்ட மறைக்காமச் சொல்லும். வெக்கமா இருந்தா, ‘எங்க மாமன் சொல்லித்தான் நிறுத்துனேன்’னு சொல்லும். உங்க அத்தையைக் கட்டுன நாள்லேருந்து உம்ம குடும்பத்துப் பழியெல்லாம் நான்தானே சொமக்கேன்.