உட்காருங்க, உட்காருங்க

“எல்லாம் மனசுலதான் இருக்கு அத்தை. பாசிட்டிவா இருங்க.”

போன ஞாயிற்றுக்கிழமை என் அண்ணன் மகன் இதைச் சொன்னபோது அவனுடைய புது வீட்டு சோபாவில் நான் உட்கார்ந்திருந்தேன் என்று சொன்னால் சரியாகாது, புதைந்திருந்தேன். எழுந்திருக்க முடிந்திருந்தால் பதில் சொல்லியிருப்பேன். உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சில பதில்களை நின்றுகொண்டு சொன்னால்தான் எடுபடும்.

என் மனசு எக்ஸ்ரேயில் விழவில்லை. விழுந்தது வலது முழங்கால். தொடை எலும்புக்கும் அதற்குக் கீழே உள்ள எலும்புக்கும் நடுவே தெரிய வேண்டிய சந்து, உள்பக்கத்தில் ஏறக்குறைய மூடியே போய்விட்டது. டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு “கிரேடு மூணும்மா” என்றார். 1957-இல் கெல்கிரன், லாரன்ஸ் என்று இரண்டு டாக்டர்கள் போட்டுவைத்த கணக்கு அது. பூஜ்யத்தில் தொடங்கி நாலில் முடிகிறது. நாலுக்கு மேல் இல்லை என்பதில் எனக்கு ஓர் ஆறுதல்.

முட்டிக்குள் இருக்கும் குருத்தெலும்புக்கு ரத்தக் குழாயும் கிடையாது, நரம்பும் கிடையாது. தேயும்போது சொல்லாது, தேய்ந்த பிறகு பழையபடி வளராது. அது போன பிறகு பக்கத்திலுள்ள எலும்பும் சவ்வும்தான் கூப்பாடு போடும். இதில் மனசு எந்த இடத்தில் வருகிறது என்று அண்ணன் மகன் தொட்டுக் காட்டினால், அங்கேயும் தைலம் தேய்த்துக்கொள்ள நான் தயார்.

ஆனாலும் அவன் சொன்னதைத் தள்ளிவிட முடியாது. தேய்ந்த முட்டியோடும் சந்தோஷமாக வாழ முடியும். அதற்கு ஒரு வழி இருக்கிறது. சொல்கிறேன். அதற்கு முன்னால் அந்த சோபா விஷயத்தை முடித்துவிடுகிறேன்.

எல் வடிவ சோபா. சாம்பல் நிறம். பார்க்க ஒன்றரைச் சாண் உயரம் தெரியும், உட்கார்ந்ததும் அதில் பாதி காணாமல் போகும். முட்டிக்காரர்களுக்கு ஒரு விதி உண்டு: உட்காரும்போது இடுப்பு முட்டியைவிடக் கொஞ்சம் உயரத்தில் இருக்க வேண்டும். அந்த சோபாவில் என் முட்டி என் முகவாய்க்கு நேராக இருந்தது. காபி டம்ளரை முட்டிமேல் வைத்துக் குனியாமல் குடித்தேன். அந்த ஒரு வசதியை மறுப்பதற்கில்லை.

பிரச்சினை எழுந்திருப்பதில். முதலில் விளிம்புவரை நகர வேண்டும். பாதங்களைப் பின்னுக்கு இழுத்து ஊன்ற வேண்டும். கைப்பிடியை அழுத்த வேண்டும். மூக்கு கால் விரல்களுக்கு நேராக வரும்வரை முன்னே சாய வேண்டும். பிசியோ பெண் சொல்லிக் கொடுத்தது இவ்வளவும். கடைசியில் “முருகா” என்பது மட்டும் நான் சேர்த்துக்கொண்டது. அந்த சோபாவில் கைப்பிடி இருந்தது, என்னிடமிருந்து ஆறடி தள்ளி. நான் அசைவதைப் பார்த்து மூன்று பேர் ஓடி வந்தார்கள். ஒருவர் வலது கையைப் பிடித்து இழுத்தார், இன்னொருவர் இடது கையை. மூன்றாமவர் தொடாமல் “பாத்து, பாத்து” என்றார். கையை இழுத்தால் தோள்பட்டைதான் வரும். முட்டி வராது.

சரி, சோபா வேண்டாம் என்றால் என்ன தருவார்கள்? பிளாஸ்டிக் நாற்காலி. கை வைத்த நாற்காலிகளை எல்லாம் முன்வரிசைக்குக் கொண்டுபோய்விட்டு, கையில்லாத ஒன்றை வழவழப்பான டைல்ஸ் தரையில் போட்டு “சாஞ்சு உக்காருங்க” என்பார்கள். சாய்ந்தால் பின்கால்கள் இரண்டும் விரியும். ஈசி சேர் அதைவிட மோசம். அதில் உட்கார்ந்தால் பேரன் பள்ளிக்கூடம் விட்டு வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். மோடா என்று ஒன்று உண்டு, அதன் உயரத்தை யார் எதற்காக நிர்ணயித்தார்கள் என்று தெரியவில்லை. ஊஞ்சலில் உட்காரப் போனால் அது பின்னால் போகிறது, எழுந்திருக்கப் போனால் முன்னால் வந்து முட்டியிலேயே இடிக்கிறது. திண்ணை ஒன்றுதான் மனிதர்களுக்காகக் கட்டப்பட்டது. உயரம் சரி, காலைத் தொங்கப் போடலாம், பக்கத்திலேயே தூண். அதை இடித்துவிட்டுத்தான் இரண்டு கார் நிறுத்துகிறோம்.

நிற்கலாம் என்றாலோ, விடமாட்டார்கள். நீங்களும் விடமாட்டீர்கள், எனக்குத் தெரியும். நம் ஊரில் ஒருவர் நின்றுகொண்டிருப்பதைப் பார்த்துக்கொண்டு யாராலும் சும்மா இருக்க முடியாது. “உட்காருங்க, உட்காருங்க.” “இல்லைங்க, நிக்கிறதுதான் எனக்குச் சௌகரியம்” என்றால் கோபித்துக்கொண்டேன் என்று அர்த்தம். பத்திரிகை வைத்ததில் குறையா, சம்பந்தி சரியாகக் கூப்பிடவில்லையா என்று சமையல்கட்டில் கிசுகிசுப்பார்கள். அதற்குப் பயந்தே உட்கார்ந்துவிடுகிறேன். உட்கார்ந்த மறுநிமிஷம் “வாங்க, சாப்பிடலாம்” என்கிறார்கள்.

இதனாலேயே வீட்டில் எனக்கென்று ஒரு நாற்காலி ஏற்பாடு செய்திருக்கிறேன். தேக்கு நாற்காலி, இரண்டு பக்கமும் கை. ஆசாரியை விட்டு நாலு கால்களுக்கும் அடியில் மூன்று விரற்கடை உயரத்துக்குக் கட்டை வைத்துத் தரச் சொன்னேன். ஆசாரி என்னையும் நாற்காலியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “கால் தொங்குமேம்மா” என்றார். தொங்கட்டும் என்றேன். பார்க்க லட்சணமாக இருக்காது, ஆனால் எழுந்திருக்க முருகனைக்கூடக் கூப்பிட வேண்டியதில்லை. கூடத்தில் அதைத் தவிர சோபா இருக்கிறது, திவான் இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு நேராக எதில் போய் உட்காருகிறார்கள்? அதில்தான். உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டே “உயரமா, நல்லா இருக்கே” என்பார்கள். வந்தவரை எழுந்திருங்கள் என்று சொல்ல முடியுமா? அவர் கிளம்புகிறவரை நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். அவர் என்னைப் பார்த்து, “உட்காருங்க, ஏன் நிக்கிறீங்க?” என்கிறார்.

உட்கார்ந்தவர் எழுந்து போவதற்குள் வைத்தியமும் சொல்லியாக வேண்டும். பிரண்டைத் துவையல், முடக்கத்தான் தோசை, ஆட்டுக்கால் சூப். எல்லாம் சாப்பிட்டாயிற்று. பிரண்டை மட்டும் ருசிக்காகத் தொடர்கிறது. இவற்றைத் தாண்டியவர்கள் “ஆபரேஷன் பண்ணிக்கலாமே” என்பார்கள். வாஜ்பாய் பிரதமராக இருக்கும்போதே 2000-இல் ஒரு முட்டி, 2001-இல் இன்னொரு முட்டி மாற்றிக்கொண்டாராம். 2017-இல் மத்திய அரசு செயற்கை முட்டியின் விலைக்கு உச்சவரம்பு வேறு வைத்துவிட்டதாம். இரண்டும் உண்மைதான். ஆனால் வாஜ்பாய்க்கு ஆபரேஷன் முடிந்து வந்த பிறகு வீட்டில் சமைக்க ஆள் இருந்திருக்கும்.

இனி நான் சொன்ன அந்த வழி: உடற்பயிற்சி. இதைக் கிண்டல் செய்ய மாட்டேன். மல்லாந்து படுத்து ஒரு காலை மடக்கிக்கொண்டு, மற்றக் காலை நீட்டினபடியே ஒரு முழம் தூக்கிச் சில விநாடி நிறுத்தி இறக்க வேண்டும். தொடையின் முன்தசை வலுத்தால் முட்டிக்குச் சுமை குறையும். மாத்திரையைவிட இது எனக்குக் கேட்கிறது. எடை குறைப்பதும் இதோடு சேர்ந்ததுதான். உடம்பில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முட்டிமேல் விழும் பாரம் நாலு கிலோ குறையும் என்று ஆய்வில் கண்டிருக்கிறார்கள். ஏறினாலும் அதே கணக்குத்தானே என்பதால் கல்யாண சீசனில் நான் இதை யோசிப்பதில்லை.

பிசியோ பெண் இன்னொன்றும் சொன்னாள். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். வலிப்பது வலது கால் என்றால் கைத்தடி இடது கையில். மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அண்ணன் மகன் வீட்டு வாசலில் மூன்று படி. இடது காலைத் தூக்கினேன். “அத்தை! வலது காலு, வலது காலு!” என்று ஒரே அலறல். கிருகப்பிரவேசத்துக்கு இடது காலை வைத்து நுழைந்தால் இருபது வருஷக் கடனும் என் தலையில் விடியும் என்று வலது காலையே வைத்து ஏறினேன். அதன் பலன்தான் சோபாவில் போய் விழுந்தது.

படி என்றதும் சுவாமிமலை ஞாபகம் வருகிறது. அங்கே 60 படிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு தமிழ் வருஷத்தின் பெயர். பிரபவ, விபவ என்று சொல்லிக்கொண்டே கைப்பிடிச் சுவரைப் பற்றி ஏறினேன். பத்தாவது படி தாது. 1876-இல் ஊரையே பஞ்சத்தில் தள்ளிய வருஷம். என்னையும் அங்கேயே உட்கார வைத்துவிட்டது. உட்கார்ந்த இடத்திலிருந்தே கும்பிட்டேன். என் வீட்டுக்காரர் அட்சய வரைக்கும் போய் விபூதி கொண்டுவந்தார். மற்றபடி முருகனைக் குறை சொல்ல மாட்டேன். பழநியில் 1966 முதலே விஞ்ச் ஓடுகிறது, 2004-இல் ரோப் காரும் வந்தது. சோளிங்கர் நரசிம்மருக்கு 1305 படி. அங்கேயும் 2024-இல் ரோப் கார் விட்டாயிற்று. மலைமேல் இருக்கும் சாமிகளே இறங்கி வந்துவிட்டார்கள். கல்யாண மண்டபக்காரர்கள்தான் இன்னும் வரவில்லை.

தாலி கட்டுவது தரைத்தளத்தில், பந்தி மாடியில். இல்லாவிட்டால் தாலி மாடியில், பந்தி பாதாளத்தில். இரண்டையும் ஒரே தளத்தில் வைத்தால் என்ன தோஷம் என்று எந்த ஜோசியரும் சொன்னதில்லை. லிப்ட் இருக்கும். அதில் சாம்பார் அண்டாவும் பாய்லரும் போய்வந்துகொண்டிருக்கும். “ஒரு நிமிஷம்மா, அப்பளக் கூடை போயிடட்டும்.” பொதுமக்கள் வந்துபோகும் கட்டடங்களில் எல்லோரும் தடையில்லாமல் நுழைய வசதி வேண்டும் என்கிறது 2016-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். போன மாதம் போன மண்டபத்தில் சாய்தளம் கட்டியிருந்தார்கள், கைப்பிடிக் கம்பிகூட இருந்தது. அதன்மேல் ஜெனரேட்டர் நின்றுகொண்டிருந்தது.

அதனால் கல்யாணம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பத்திரிகையில் மாமா, சித்தப்பா, அவர்கள் வாங்கிய பட்டம், வேலை பார்க்கும் ஊர் எல்லாம் அச்சடிக்கிறீர்கள். அதோடு இன்னும் இரண்டு வரி சேருங்கள்: பந்தி எந்த மாடியில், லிப்ட் மனிதர்களுக்கா அண்டாவுக்கா. லிப்ட் அண்டாவுக்கு என்றால் மொய்யை போனிலேயே அனுப்பிவிடுகிறோம். மனிதர்களுக்கு என்றால் முதல் பந்திக்கே வந்துவிடுகிறோம்.